மிச்சமான நேரம் யாருக்கு?

2011-இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்து முதல்வரான ஜெயலலிதா, அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். இலவசம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து எழுந்தவர்கள் என்று கேட்கத் தோன்றும்.

அதே ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்திர வீதியில் என் அத்தை வீடு. ரெண்டாங்கட்டில் ஆட்டுக்கல். வலது கை குழவியைச் சுற்றும். குழவி திரும்பி வருவதற்குள் இடது கை விளிம்பில் ஏறிய மாவை உள்ளே தள்ளிவிட்டு விலகிவிட வேண்டும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். உளுந்து பதம் வந்ததா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பாள். மிதந்தால் சரி. அதை வழித்தெடுத்த பிறகு அரிசி. எல்லாம் முடிந்து எழும்போது ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில்.

1955-இல் கோயம்புத்தூர் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கினார். யோசனை எளிமையானது. கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்றவிட்டார்கள். பெண்களின் தோள்பட்டைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் தமிழ்நாட்டில் வேறு யாரும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அத்தைக்கு ஓய்வு கிடைத்ததா? அதுவரை இட்லி தோசை எப்போதாவதுதான். கிரைண்டர் வந்த பிறகு அன்றாடம் ஆகிவிட்டது. "மாவு இருக்கோல்லியோ, ரெண்டு தோசை வார்த்துடு" என்பார் அத்திம்பேர், ராத்திரி எந்நேரமானாலும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் ஒரு புத்தகமே எழுதினார்: வீட்டு இயந்திரங்கள் உடலுழைப்பைக் குறைத்தன, ஆனால் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனதால் அம்மாவின் வேலைநேரம் குறையவில்லை. 2019-ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம்.

கிரைண்டர் அத்தையின் வலியைக் குறைத்தது. மிச்சமான நேரத்தை வீடு எடுத்துக்கொண்டது. விடுதலை என்று நான் சொல்ல விரும்புவது வேறொன்று: யாரையும் கேட்காமல் ஒன்றைச் செய்ய முடிவது. அதே கிரைண்டரை வாசல் திண்ணைப் பக்கம் நகர்த்தி, மாவு விற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு அவர்கள் யாரிடமும் கணக்குச் சொல்வதில்லை.

1974 வரை திருச்சி மாவட்டத்தோடு இருந்த புதுக்கோட்டையில் 1991-இல் நடந்தது இன்னும் பெரிது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் மிதித்தார்கள். கேலிப் பேச்சுக்கும் குறைவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள்: குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! கடைக்கும் தண்ணீருக்கும் போக, கொண்டுபோய்விட ஓர் ஆம்பளை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல மாட்டார்கள், நான் சொல்வேன். ஸ்ரீரங்கத்தில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலை விசாரித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பலாம். "பஸ்ஸுக்குக் காசு குடுங்கோ" என்று ஆரம்பித்து, "எங்கே, எதுக்கு?" என்று வளரும் பேச்சு வீட்டில் எழுவதில்லை.

ஒரு குறை உண்டு. திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய; அவற்றில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் இரண்டு மூன்று தனியார் பஸ்களை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் எப்போதும் உண்டு. அந்தத் தடங்களில் அரசு வண்டிகளைக் கூட்டினால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.