குறைபாடும் உண்மையும்

பிறர் கையாண்ட பழைய மிக்ஸரை வீட்டு ஒலிப்பதிவுக்கென வாங்குவோருட் சிலர், அதன் மெல்லிய இரைச்சலையே உண்மையின் குரலெனப் போற்றுவர். குறைபாடு உண்மைக்குச் சான்றாகுமா?

1982 சனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜேர்சியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில், மிக்ஸரும் கசெற் பதிவுக்கருவியும் ஒன்றாயமைந்த நான்கு தடப் போர்ட்டாஸ்ரூடியோவிற் பாடல்கள் பலவற்றைப் பதிந்தார். பின்னர் வாத்தியக் குழுவினருடன் கலையகத்தில் அவற்றை மீளப் பதிந்தபோது, பாடல்களின் தனிமை அகன்றதெனக் கண்டார். எனவே வீட்டு நாடாவே அவ்வாண்டு 'நெப்ராஸ்கா' இசைத்தட்டாயிற்று.

அங்கே இரைச்சல் தேடிப் பெறப்பட்டதன்று. பாடலின் பொருட்டுப் பொறுத்துக்கொள்ளப்பட்டது. பழைய கருவியைத் தேவைக்காகக் கொள்ளுதல் தகும். இரைச்சலுக்காகக் கொள்வோன் உண்மையின் சாயலையே பெறுகிறான். காட்டுதற்கெனப் பூணும் எளிமையும் ஓர் ஆடம்பரமே.