குமுளி வாயிலும் கொடுத்த வாக்கும்

லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் பேருந்து குமுளியில் சென்று நிற்குமிடத்தில் தமிழகம் முடிந்துவிடுகிறது. இறங்கிச் சில அடிகள் நடந்தால் சோதனைச் சாவடி. அதைக் கடந்தால் கடைப் பலகைகளில் எழுத்து வேறு, காவலரின் சீருடைச் சின்னம் வேறு. தேநீர்க் கடைகளில் மட்டும் இரு மொழிகளும் இரு பக்கத்திலும் கலந்தே ஒலிக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஏலத் தோட்டத்திற்கும் மிளகு வணிகத்திற்கும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கும் பாதை.

அந்த வாயில் இரு நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லையாக ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இது வீண் கற்பனையன்று. 1947 ஜூனில், பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கியதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அதன் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் அறிவித்தார். ஜூலை 25-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் வெட்டுக்காயம் பட்டார். அடுத்த சில நாட்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். அந்தச் சில வாரங்களின் போக்கு மாறியிருந்தால், கூடலூர்க் கூலித் தொழிலாளி ஏலக்காய் பறிக்கக் கடவுச்சீட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும்.

ஓர் அரசு ஓர் அமைப்பிலிருந்து விலகித் தன்னாட்சி பெறும்போது தன் எல்லையைக் காக்கும் உரிமையையும் பெறுகிறது. இதை மறுப்பாரில்லை. ஆனால் அதன் மேலிருந்த கை நீங்கியதும், அந்தக் கையின்கீழ் இருந்தபோது அது கொடுத்த வாக்கும் நீங்கிவிடுமா? நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. குடிக்கும் தண்ணீர் பற்றிய கேள்வி.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பெரியாற்றில் அணை கட்டி, நீரைச் சுரங்கவழியே கிழக்கே திருப்ப 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகிற்று. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் முடிந்தது. அந்த நீர் வைகையோடு சேர்ந்து தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது.

பிரிட்டிஷ் மேலாதிக்கம் முடியும்போது சுதேச மன்னர்களோடு செய்த உடன்படிக்கைகளும் காலாவதியாகும் என்றது 1947-ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு. கேரளம் இதைப் பற்றிக்கொண்டது. எசமானன் அடிமையிடம் எழுதி வாங்கிய சீட்டு, எசமானன் போனபின் எப்படிச் செல்லும் என்பதே அதன் வாதத்தின் உயிர். நம் பக்கத்தில் இதை ஏளனம் செய்வோர் உண்டு. நான் செய்யமாட்டேன். மனமொப்பாத வணிகம் செல்லாது என்பது நாம் மதரஸாவில் படித்த பாடமன்றோ? அன்றைய திருவிதாங்கூர் ஆங்கிலேயருக்கு ஒப்பான நிலையில் இருந்து கையெழுத்திட்டது என்று யாரும் நெஞ்சறியச் சொல்ல முடியாது.

ஆயினும் 1970-இல் நடந்ததை மறக்கலாகாது. மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு அரசுகள் சமமாக அமர்ந்து அப்பழைய சீட்டைத் திருத்தின. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்திற்குச் சென்றது. மின்னாக்கும் உரிமையைப் பெற்ற தமிழகம் அதற்கெனத் தனித்தொகை தர ஒப்புக்கொண்டது. கட்டாயத்தில் பிறந்த வாக்கிற்கு அன்று சம்மதம் கிடைத்துவிட்டது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும், 1886 ஒப்பந்தம் ஏழாம் பிரிவால் அழியவில்லை என்று தீர்ப்பளித்தது.

நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரின் கதை இதற்கு நல்ல உரைகல். 1965 ஆகஸ்ட் 9-இல் அத்தீவு மலேசியக் கூட்டாட்சியிலிருந்து பிரிந்தது. அதன் குடிநீரோ பாலத்தின் வழியே ஜோகூரிலிருந்து குழாயில் வந்தது. பிரிவினை கசப்பானதுதான்; எனினும் 1961, 1962 ஆண்டுகளின் தண்ணீர் ஒப்பந்தங்களைக் காப்போம் என்ற உறுதியைப் பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். 1967 முதல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் போய் அக்கரையில் தம்பியும் இக்கரையில் அண்ணனுமாக இருந்தவர்களுக்கு அது வேதனையே. ஆனால் மனிதரைச் சோதிக்க நிறுத்திய அதே பாலத்தில் தண்ணீர் நிற்கவில்லை. விலை பற்றிய பிணக்கு இன்றும் ஓயாவிட்டாலும், 1962 ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு 2020 ஜனவரியில் வெளியேறிய பிரிட்டன் வேறொரு பாடம் கற்றது. எங்கள் எல்லை எங்கள் கையில் என்ற முழக்கம் 2016 வாக்கெடுப்பில் வென்றது. ஆனால் வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையில் மீண்டும் வேலி எழக்கூடாது. எழுந்தால் 1998-இல் அரிதாகக் கிட்டிய அமைதி குலையும். ஆகவே சரக்குச் சோதனையைக் கடலுக்கு அப்பால் தள்ளி, தன் நாட்டின் இரு பகுதிகளுக்கு நடுவிலேயே வைக்க வேண்டியதாயிற்று. எல்லையை மீட்கப் போனவர்கள் தம் வீட்டுக்குள் ஒரு கோடு போட்டார்கள்.

நம் வரலாற்றில் ஹுதைபிய்யா உடன்படிக்கையை அறியாதார் யார்? மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் ஒரு நிபந்தனை. எழுத்து முடியும் முன்பே அபூஜந்தல் விலங்கோடு வந்து நின்றார். தோழர்களின் கண்கள் கலங்கின. ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) வாக்கை மாற்றவில்லை. பின்னர் மறுதரப்பின் நேசக் குலம் அதை முறித்தபோதுதான் அந்த உடன்படிக்கை முடிந்தது. வாக்கு எவ்வளவு கனமானது என்பதை அந்த விலங்கின் ஓசை சொல்லும். பகைவனிடமே அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரனிடம் எப்படி?

எல்லையை மூடும் அதிகாரத்தின் சுவையை நாமும் இரண்டு முறை கண்டோம். 2011 டிசம்பரில் அணைப் பூசல் முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களில் தாக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுப் பாதைகளில் இறங்கி ஓடிவந்தார்கள். கீழே பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அவர்களுள் பலர் நம்மிடையே நெடுநாள் வாழ்ந்தவர்கள். நம் கூட்டமும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். 2020-இல் கொள்ளைநோய்க்காகக் குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் அடைக்கப்பட்டன. முன்னது வெறி, பின்னது உயிர் காக்கும் கடமை. கூலியிழந்து வீட்டிலிருந்தவனுக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இத்தனையும் சொன்னபின் என்னைத் தொல்லைப்படுத்தும் ஒன்று மிச்சமிருக்கிறது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அவ்வாண்டிலேயே பெரியாறு அணையைப் பற்றிய அச்சமும் வலுத்து, நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006-இலும் 2014-இலும் 142 அடிக்கு நீதிமன்றம் இசைவளித்தது. அணை வலுவாக இருக்கிறது என்று வல்லுநர் குழு சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் நம்புகிற நான் அணைக்குக் கீழே படுத்துறங்குபவன் அல்லன். கொடுத்த வாக்கு தண்ணீருக்குத்தான். அச்சத்தோடு உறங்குவதற்கு அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அங்கே உறங்குபவர் யார்? அணையைக் கடந்து ஆறு முதலில் தொடும் ஊர்களுள் ஒன்று வண்டிப்பெரியாறு. அதன் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் தமிழர். அவர்களுள் பலருக்கு அண்ணன் தங்கையும் சம்பந்தியும் கம்பத்திலும் கூடலூரிலும் சின்னமனூரிலும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறிய செய்தி வரும்போது, கீழே வயலுக்கு மடை திறக்கும் என்று மகிழ்கிறவனும், மேலே பிள்ளைகளை எழுப்பித் தயாராக வைத்திருப்பவளும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களாக இருக்கலாம். விடியுமுன் கம்பத்திலிருந்து புறப்படும் ஜீப்புகளில் கூலிக்குப் போகிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். "மேலேயும் நம்ம ஆளுக, கீழேயும் நம்ம ஆளுகதானே, பாய்" என்றார் ஒரு முதியவர். அதற்குள் ஜீப் நிரம்பிவிட்டது.