அன்பு மட்டும் போதுமா?

மராட்டிய மாநிலத்தில் சிராவண மாத அமாவாசையன்று ‘போளா’ என்னும் திருநாள் கொண்டாடப்படுகிறது. அன்று உழவர்கள் எருதுகளை நுகத்தில் பூட்டுவதில்லை. அவற்றை நீராட்டி, கொம்புகளுக்கு வண்ணம் தீட்டி, நுகம் அழுந்திக் காய்த்துப்போன தோள்களில் மஞ்சளும் நெய்யும் தடவி, மாலை சூட்டி, ஊர்வலமாக அழைத்துச் செல்கிறார்கள். வீடுதோறும் பெண்கள் ஆரத்தி எடுத்து எருதுகளுக்குப் பூரண போளி ஊட்டுகிறார்கள். ஆண்டு முழுவதும் தனக்காக உழைத்த வாயில்லா ஜீவனுக்கு மனிதன் நன்றி செலுத்தும் நாள் அது.

சில ஆண்டுகளுக்கு முன், அத்திருநாளுக்கு மறுநாள் காலை, அம்மாநிலத்தின் சிறிய தாலுகா ஊர் ஒன்றில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். நண்பர் தம் நாய்க்குத் தடுப்பூசி போடச் சென்றார். நான் துணைக்குப் போனேன். இரண்டு அறைகள், முன்னால் ஒரு வேப்பமரம், மாடுகளை நிறுத்திவைக்க ஓர் இரும்புக் குழாய்ச் சட்டம். அவ்வளவுதான் மருத்துவமனை.

எங்களுக்கு முன்பே ஒரு சிறிய சரக்கு வண்டி வந்து நின்றிருந்தது. அதில் ஓர் எருது படுத்துக் கிடந்தது. கொம்பில் முதல் நாள் பூசிய சிவப்பு வண்ணம் பளபளத்தது. கழுத்தில் சாமந்தி மாலை இன்னும் வாடவில்லை. ஆனால் கண்கள் குழி விழுந்திருந்தன. இடது வயிறு உப்பியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அதன் தலையைத் தம் மடியில் வைத்தபடி முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“காகா, நேற்று இவன் என்ன சாப்பிட்டான்?” என்று மருத்துவர் கேட்டார்.

“போளிதான், டாக்டர் சாகேப். வீட்டில் ஆறேழு. பிறகு ஊர்வலத்தில் ஒவ்வொரு வாசலிலும் கொடுத்தார்கள். எத்தனை என்று எண்ணவில்லை. இரவு, கொழுக்கட்டும் என்று ஒரு கூடை கோதுமை மாவு பிசைந்து வைத்தேன். வருஷத்தில் ஒரு நாள்தானே!”

மருத்துவர் எருதின் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்திவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நலமுள்ள மாட்டின் முதல் இரைப்பை இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை அலைபோல் அசைந்து கையைத் தள்ளும். அன்று அசைவே இல்லை.

ஊட்டிய கையும் உண்ட வயிறும்

மாட்டின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய ஒரு பெரும் தொட்டி. அதில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே புல்லையும் வைக்கோலையும் செரிக்க உதவுகின்றன. பழக்கமில்லாத மாவுப்பண்டமும் வெல்லமும் அங்கே திடீரென்று மிகுதியாகச் சேர்ந்தால், ஒருவகை நுண்ணுயிர்கள் மட்டும் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலம் கூடக்கூட, புல்லைச் செரிக்கும் மற்ற உயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் இரைப்பைக்குள் இழுக்கப்படுகிறது. இரத்தத்திலும் அமிலம் ஏறுகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிடுகிறது. வைத்தியம் தாமதமானால் ஓரிரு நாளில் இறந்தும் போகலாம்.

பெரியவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. அவர் செய்தது அன்பினால் செய்தது. அதில் சுயநலம் எள்ளளவும் இல்லை. ஆனால் எருதின் வயிற்றுக்கு அவருடைய அன்பு தெரியவில்லை. மாவும் வெல்லமும் மட்டுமே தெரிந்தன.

நோக்கம் தூயதாக இருந்தால் செயல் தூயதாகிவிடுமா? பன்னெடுங்காலமாக அறவோர் சிந்தித்துவரும் இக்கேள்வி, அன்று காலை ஒரு சரக்கு வண்டியில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பற்றின்மையும் பாராமையும்

‘பலனில் பற்று வைக்காதே’ என்பதைக் கீதையின் சாரமாகக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அன்றாட வாழ்வில் இதை எப்படிப் பொருள் கொள்கிறோம்? ‘நல்லெண்ணத்தோடு கொடுத்துவிட்டேன், என் கடமை முடிந்தது, மற்றது இறைவன் கையில்’ என்று திரும்பிவிடுகிறோம். இது பற்றின்மைதானா?

பலன் இரு வகைப்படும். ஒன்று, செய்தவனுக்கு வந்து சேரும் பலன்: புண்ணியம், புகழ், நன்றி, மனநிறைவு. மற்றொன்று, செயலைப் பெற்றவனிடம் விளையும் பலன். விடச் சொல்லப்பட்டது முதலாவதன் மீதுள்ள பற்று. இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது பற்றின்மை அல்ல, பாராமை. தானத்தைப் பற்றிப் பேசும் கீதையின் பதினேழாம் அத்தியாயம், இடம், காலம், பெறுபவரின் தகுதி ஆகியவற்றை எண்ணிக் கொடுப்பதையே சாத்விக தானம் என்கிறது. கொடுப்பவனின் உள்ளத்தோடு நின்றுவிடாமல், பெறுபவனையும் நோக்கச் சொல்கிறது.

இதை எழுதும் நானும் தவறியவனே. எங்கள் தெருவில் திரியும் பசு ஒன்றுக்கு, மீந்த சோற்றையும் காய்கறித் தோலையும் பாலிதீன் பையில் கட்டி வாசலில் வைக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. கோ சேவை செய்ததாகவே எண்ணினேன். அன்று அம்மருத்துவமனையின் மூலையில் கறுத்து இறுகிய ஒரு பெரிய உருண்டையைக் கண்டேன். ஒரு பசுவின் இரைப்பையை அறுத்து எடுத்தது என்றார்கள். பைகளும் கயிறும் பின்னிப் பிணைந்து கிடந்தன. பசுவால் பையைப் பிரித்துச் சோற்றை மட்டும் உண்ண இயலாது, முடிச்சோடு விழுங்குகிறது. விழுங்கிய பை செரிப்பதில்லை; இரைப்பையை மெல்ல மெல்ல நிரப்பி, பசுவைப் பட்டினியில் வாட்டுகிறது. என் சேவையின் முடிச்சு எத்தனை வயிறுகளில் கிடக்கிறதோ! பை வாசலை விட்டு அகன்றதும் எனக்கு மனநிறைவு வந்துவிட்டது. பிறகு பசு என்ன ஆயிற்று என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

வானத்திலிருந்து மறைந்த பறவை

மருத்துவர் எருதுக்குச் சிரை வழியே திரவம் ஏற்றினார். சோடா உப்புக் கரைசலைக் குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்தினார். இடையே, “இரவு ஏதாவது ஊசி போட்டீர்களா?” என்று கேட்டார். பெரியவர் தயங்கினார். வலி தாங்காமல் எருது பல்லைக் கடித்ததைப் பார்த்து, பக்கத்து ஊரில் ஊசி போடும் ஒருவரை அழைத்தாராம். அவர் மனிதருக்கான வலிநிவாரணி மருந்தைச் சில குப்பிகள் வாங்கிச் செலுத்தியிருந்தார். குப்பியைக் கண்டதும் மருத்துவரின் முகம் மாறியது. அது டைக்ளோஃபெனாக்.

“காகா, நீங்கள் சிறுவராக இருந்தபோது இந்த ஊரில் கழுகு பார்த்திருக்கிறீர்களா? பிணந்தின்னிக் கழுகு?”

“கூட்டம் கூட்டமாக வரும். செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் அரை நாளில் எலும்புதான் மிஞ்சும். இப்போது காணோம்.”

அது காணாமற்போன வரலாறு நாம் அனைவரும் அறிய வேண்டியது. 1990களில் கால்நடைகளின் வலியும் காய்ச்சலும் தீர டைக்ளோஃபெனாக் நம் நாட்டில் பரவலாகப் பயன்படத் தொடங்கியது. விலை மலிவு, பலன் உடனடி. மருந்து பெற்ற சில நாட்களுக்குள் இறந்த மாட்டின் உடலைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. காரணம் பல ஆண்டுகள் விளங்கவில்லை. 2004-இல்தான், பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இம்மருந்தே காரணம் என்று காட்டியது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன.

எவரும் கழுகைக் கொல்ல எண்ணவில்லை. மாட்டின் வலியைத் தீர்க்கும் கருணையே வானத்தை வெறுமையாக்கியது. அந்நாளில் அந்த ஊசியைப் போட்டவர்கள் குற்றவாளிகளா? அல்லர். அறியாமல் செய்ததற்காக அவர்களை நாம் பழிக்க முடியாது. ஆனால் அறிந்த பிறகு பொறுப்பு மாறுகிறது. 2006-இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்து முன்வைக்கப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க, 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. கழுகுகளுக்குக் கேடான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

நேற்றைய அறியாமை மன்னிக்கத்தக்கது. தெரிந்தபின் தொடரும் அலட்சியம் அத்தகையதன்று. நம் அறிவு என்றும் குறையுள்ளதுதான். அதனால் நற்செயலையே கைவிட வேண்டியதில்லை. செய்தபின் விலகிப் போகாமல் நின்று பார்க்க வேண்டும். பிழை கண்டால் திருத்திக்கொள்ள வேண்டும்.

யாருடைய துன்பம்?

அதே காலையில் ஓர் இளைஞர் லாரியில் அடிபட்ட நாயைச் சாக்கில் சுமந்து ஓடிவந்தார். நாயின் பின்னங்கால்கள் தொய்ந்து கிடந்தன. “சார், ஊசி போட்டு முடித்துவிடுங்கள். என்னால் பார்க்க முடியவில்லை” என்று அழுதார்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, பார்க்க முடியாதது உன்னுடைய துன்பம். முதலில் இதன் துன்பத்தைப் பார்ப்போம்” என்றார். நாயின் பின்னங்கால் விரலை அழுத்தினார். நாய் கத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தது. “உணர்ச்சி இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். படம் எடுத்துப் பார்ப்போம். அசையாமல் வைத்துப் பல வாரம் பார்த்துக்கொண்டால் நடக்கக்கூடும். பார்த்துக்கொள்வாயா?” இளைஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்.

எல்லா உயிரையும் எப்படியும் பிழைக்கவைத்தே தீர வேண்டும் என்பதா இதன் பொருள்? இல்லை. 1928-ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில், ஊனமுற்ற கன்று ஒன்று தீராத வேதனையில் கிடந்தது. இனி நம்பிக்கை இல்லை என்று மருத்துவர் கூறினார். உயிரைக் கொடுக்க இயலாதவனுக்கு அதை எடுக்க உரிமை இல்லை என்று ஆசிரமத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. காந்தியடிகள் நெடிது எண்ணி, தம் முன்னிலையில் ஊசி மூலம் கன்றின் உயிரை முடிக்கச் செய்தார். அதை மறைக்கவுமில்லை, தம் பத்திரிகைகளில் தாமே எழுதினார். கடும் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. சினத்தினாலோ சுயநலத்தினாலோ உயிரைப் பறிப்பதே இம்சை. ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியே ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் கொண்ட நிலை.

அவருடைய முடிவை இன்றும் ஏற்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆயினும் அம்முடிவுக்கு அவர் சென்ற வழி நமக்குப் பாடம். அவர் கன்றின் அருகே நின்றார், அறிந்தவரைக் கேட்டார், எதிர்த்தவர்களின் சொல்லுக்குச் செவிசாய்த்தார், பழியைத் தாமே ஏற்றார். ‘என்னால் பார்க்க முடியவில்லை’ என்று உயிரை முடிக்கச் சொல்பவரும், ‘என்னால் பிரிய முடியவில்லை’ என்று தீராத வேதனையை நீட்டிப்பவரும் மாறுபட்ட முடிவுகளுக்கு வந்தாலும், இருவரும் பார்ப்பது தம்மையே.

அடுத்த போளா

பிற்பகலில் எருது சாணமிட்டது. பெரியவர் அன்றிரவு மருத்துவமனையை விட்டு நகரவில்லை. மறுநாள் மாலை நான் போனபோது அது எழுந்து நின்றிருந்தது, மெதுவாக அசைபோட்டது. முன்தினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மிகத் தாமதமாக வந்த மற்றோர் எருது பிழைக்கவில்லை. அதன் கழுத்திலும் சாமந்தி மாலை இருந்தது.

புறப்படும்போது பெரியவர், “அடுத்த போளாவுக்கு இவனுக்குப் போளி கொடுக்கவே கூடாதா, டாக்டர் சாகேப்?” என்று ஏக்கத்தோடு கேட்டார்.

“கொடுங்கள் காகா. ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பச்சைப் புல்லாகக் கொடுங்கள். ஊர்வலத்தில் மற்றவர்கள் நீட்டினால் நெற்றியில் குங்குமம் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இவனுக்குப் போளியைத் தெரியாது. உங்கள் கையைத் தெரியும்.”

பெரியவர் எருதின் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

அன்பு மட்டும் போதுமா என்று கேட்டோம். தன் நிறைவை நாடும் அன்பு போதாது. எதிரில் நிற்கும் உயிருக்கு வேண்டியது எது என்று பொறுமையோடு கற்றுக்கொள்ளும் அன்பு போதும். இது மாட்டுக்கும் நாய்க்கும் மட்டுமா? முதிய பெற்றோருக்கும், வளரும் பிள்ளைக்கும், வாசலில் நிற்கும் ஏழைக்கும் நாம் ஊட்டும் போளிகள் எத்தனை! கொடுத்த கையை மடக்கிக்கொள்ளும் முன், பெற்றவரின் முகத்தை ஒரு கணம் நின்று பார்ப்போம். நம் சேவையின் பலன் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.