கிண்ணமும் கள்ளும்

சுவை என்பது பருகும் பொருளில் உள்ளதா, அதனை ஏந்தும் கலத்தில் உள்ளதா? தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை வாழ்த்தும் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், மகளிர் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி அவனுக்கு ஊட்டுகின்றனர். தேறலைச் சொன்ன அளவில் புலவர் அமைந்திருக்கலாம். கலத்தைச் சொல்லாமல் விட அவருக்கு மனம் வரவில்லை. பழங்காலக் கண்ணாடிக் கிண்ணங்களைத் தேடி வாங்கி, அவற்றில் காக்டெயில் எனப்படும் கலவை மதுவை ஊற்றிச் சுவைப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்களும் அப்புலவரின் மனநிலையினரே.

இதனை வெறும் பகட்டு என்று தள்ளுதல் முறையன்று. நீண்ட தண்டுடைய கிண்ணத்தில் கையின் வெம்மை மதுவை எட்டாது. பனிக்கட்டியோடு கலக்கிக் குளிர்வித்து, பின் வடித்து ஊற்றும் மார்ட்டினி போன்ற மதுவுக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. மேலும், பழைய கிண்ணங்கள் பெரும்பாலும் சிறியவை. குளிர் மாறுமுன் மது தீர்ந்துவிடும். தீர்ந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளவும் ஒரு வாய்ப்புண்டு. அளவறிதலை அறிவுரையால் புகட்ட முயன்று தோற்ற ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும், கலத்தின் பெருமை எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 1929இல் பங்குச் சந்தை சரிந்தபின், வறுமை சூழ்ந்த ஆண்டுகளில், இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் மலிவான கண்ணாடிக் கலங்கள் எந்திரத்தால் வார்க்கப்பட்டன. ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாக இட்டும், திரையரங்கிற்கு வருவோர்க்குக் கொடையாக அளித்தும் அவற்றை மக்களிடம் சேர்த்தனர். ஏழை வீட்டு அடுக்களையில் கிடந்த அக்கலங்களே இன்று பேழைக்குள் வைத்துக் காக்கப்படுகின்றன. கண்ணாடி மாறவில்லை; பார்க்கும் கண் மாறிற்று.

கண்ணை மாற்றும் இவ்வித்தைக்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. 1887இல் தொடங்கப்பெற்ற ராஃபிள்ஸ் விடுதியில், ஏறத்தாழ 1915ஆம் ஆண்டில், ஞியாம் டோங் பூன் என்னும் ஹைனானியப் பணியாளர் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்னும் கலவையை உருவாக்கினார் என்பர். ஜின், செர்ரி பிராந்தி, அன்னாசிச் சாறு முதலியன சேர்ந்து அது இளஞ்சிவப்பாக விளங்கும். பெண்டிர் பொது இடத்தில் மது அருந்துதல் இழுக்கெனக் கருதப்பட்ட அக்காலத்தில், பார்ப்போர் கண்ணுக்குப் பழச்சாறாகத் தோன்றும்படி அது அமைக்கப்பட்டது என்று அவ்விடுதியினர் கதை கூறுவர். உள்ளிருந்ததோ ஜின்தான். நிறமும் கிண்ணமும் பழியை விலக்கின.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பற்றிப் பத்துக் குறள் பாடினார். ஒன்றிலேனும் கலத்தைப் பற்றிய பேச்சில்லை. பொற்கலத்துக்கு ஒரு நீதி, மட்கலத்துக்கு வேறு நீதி என அவர் வகுக்கவில்லை. வகுத்தவர் பின்வந்தோரே.

விடுதியில் ஸ்லிங் பரிமாறப்பட்ட அதே காலத்தில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் இருந்தன. பகலெல்லாம் உழைத்த தமிழன் அங்கே தகரக் குவளையில் கள் அருந்தினான். அவனைக் குடிகாரன் என்றனர். கிண்ணம் ஏந்தியவரைச் சுவைஞர் என்றனர். கள்ளை நல்லதென்று சொல்ல இங்கு எவரும் முன்வர வேண்டா. அது குடும்பங்களைச் சிதைத்தது உண்மை. ஆனால் ஒரே செயலைக் கலம் பார்த்து இருவேறு பெயரால் அழைப்பது அறமாகாது. அழகிய கிண்ணத்தில் இன்பம் காண்பது குற்றமன்று. அவ்வழகைத் தன் ஒழுக்கத்துக்குச் சான்றாகக் கொள்வதே குற்றம். அச்சுவைஞருக்கு மாலைப்பொழுதும் ஓய்வும் இருந்தன. சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளும் மனநிறைவும் வாய்த்தது. தோட்டத்தானுக்கு இவற்றுள் எது கிட்டிற்று?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வு கேட்டனர். துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியினின்று இறங்காதிருக்கும் உரிமையையும் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுமாறு கேட்டதும் அதே கோரிக்கைப் பட்டியலில்தான்.