விழுந்துகொண்டே இருக்கும் நிலா

மூன்றாம் பிறை

நான்காம் வகுப்பில் இன்று புவியீர்ப்பு. கையிலிருந்த சாக்பீஸை விட்டேன். விழுந்து இரண்டாக உடைந்தது. எல்லாவற்றையும் பூமி தன் பக்கம் இழுக்கிறது என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "அப்போ நிலா ஏன் டீச்சர் விழல?" நல்லவேளை, மணி அடித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். மாலையில் மேற்கே மெல்லிய கீற்று. அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சதுர்த்தி

நிலாவும் விழத்தான் செய்கிறது. நியூட்டன் போட்ட கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கைவிட்ட கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். பூமியின் மையத்திலிருந்து நாம் இருக்கும் தூரத்தைப்போல் 60 மடங்கு தள்ளி இருக்கிறது நிலா. தூரம் 60 மடங்கானால் இழுப்பு 60 × 60, அதாவது 3,600-இல் ஒரு பங்காகிவிடும். 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர். ஒரு விநாடியில் நிலா நம்மை நோக்கி விழுவது அவ்வளவுதான். ஒரு கடுகின் பருமன். அதே விநாடியில் பக்கவாட்டில் 1 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. விழாவிட்டால் நேரே போய் மறைந்திருக்கும். ஓடாவிட்டால் நம் தலையில் இறங்கியிருக்கும்.

பஞ்சமி

பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பந்து எறியச் சொன்னேன். வேகமாக எறிந்தது தள்ளி விழுந்தது. இன்னும் வேகமாக எறிந்தால்? "சுவருக்கு அந்தப் பக்கம்." இன்னும்? "பக்கத்து ஊரு." பூமி உருண்டை என்பதை அப்போது நினைவுபடுத்தினேன். 8 கிலோமீட்டர் போவதற்குள் தரை 5 மீட்டர் கீழே வளைந்துவிடும். காற்று தடுக்காமல் விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், பந்து விழ விழத் தரையும் விலகிக்கொண்டே போகும். கேள்வி கேட்ட சிறுமி யோசித்துச் சொன்னாள்: "விழுது. ஆனா தரை வரல." நான் எழுதி வைத்திருந்த குறிப்பை மடித்து வைத்துக்கொண்டேன்.

நவமி

"மேலே போனால் ஈர்ப்பு கிடையாது, அதனால்தான் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள்" என்று எத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருப்பேன்! விண்வெளி நிலையம் இருப்பது 400 கிலோமீட்டர் உயரத்தில்தான். அங்கேயும் இங்குள்ள இழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுகிறார்கள். எல்லாம் சேர்ந்து விழும்போது விழுவது தெரிவதில்லை.

ஏகாதசி

உரித்த தேங்காய் ஒன்றை மைதானத்தில் வைத்தோம்; அது சூரியன். அந்த அளவுக்குப் பூமி ஒரு கேழ்வரகு மணி. 12 மீட்டர் தள்ளி வைத்தோம். நிலாவுக்கு ஒரு மணல் துகள், கேழ்வரகிலிருந்து 3 சென்டிமீட்டரில். நெப்டியூன் ஒரு சிறு மிளகு. அதற்கு 350 மீட்டர் நடக்க வேண்டும், மைதானத்தில் இடமில்லை. 1846-இல் கண்டுபிடித்தபின் அது சூரியனை ஒரு முறை முழுதாகச் சுற்றி முடித்தது 2011-இல்தான். "கயிறு எங்க டீச்சர்?" என்றான் ஒரு பையன். கயிறு இல்லை. நடுவே வெறும் வெளி. அத்தனை தூரம் கடந்தும் தேங்காயின் பிடி மிளகை விடவில்லை.

பௌர்ணமி

பக்கத்து மொட்டை மாடியில் ஒரு தாய், இடுப்பில் குழந்தை, கையில் சோற்றுக் கிண்ணம். நிலாவைக் காட்டி, வா வா என்று கூப்பிடுகிறாள். இத்தனை காலம் அதைச் சோறூட்டச் சொல்லும் பொய் என்றே நினைத்திருந்தேன். கூப்பிடாமலேயே அது வந்துகொண்டுதான் இருக்கிறது, விநாடிக்கு ஒரு கடுகளவு. குழந்தை மேலே பார்த்து வாயைத் திறந்தது.