நாய்க்கு ஏற்றவர்தாமா நாம்?

வீட்டில் நாய் வளர்க்க விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கள் வீட்டிற்கு எந்த இனம் ஏற்றது?" என்பதாகும். இதில் தவறேதும் இல்லை. ஆசை எழுந்தவுடன் வாங்குவதைவிட, எண்ணிப் பார்த்து வாங்குவது நன்றே. எனினும், இக்கேள்வி முழுமையானதுதானா என்று நாம் சற்றுச் சிந்திக்க வேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குடும்பத்தில் சிப்பிப்பாறைக் குட்டியொன்றை வாங்கினோம். நாட்டு இனம், வெயிலைத் தாங்கும், முடி குறைவு, செலவும் மிகுதியாகாது. இவ்வாறெல்லாம் கணக்கிட்டோம். ஒன்றை மட்டும் மறந்தோம். தென்பாண்டிக் கரிசல் காட்டில், முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. நாங்களோ அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வாழ்ந்தோம். காலையில் பணிக்கும் பள்ளிக்கும் சென்றால் மாலையில்தான் திரும்புவோம். ஓடுவதற்கென்றே பிறந்த உயிர், நாள் முழுதும் பால்கனிக் கம்பியில் கட்டுண்டு கிடந்தது. அது நாற்காலிகளைக் கடித்தது, ஓயாது குரைத்தது, அண்டை வீட்டார் முறையிட்டனர். ஓராண்டு நிறைவுறும் முன்னரே, சிற்றூரில் தோட்டம் வைத்திருந்த உறவினரிடம் அதை ஒப்படைத்துவிட்டோம். கேட்டவர்களிடமெல்லாம், "அந்த நாய் எங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை" என்றே சொல்லி வந்தோம்.

அடுத்த விடுமுறையில் அத்தோட்டத்திற்குச் சென்றோம். வரப்பு நெடுக அது ஓடிய ஓட்டத்தைக் கண்டபோதுதான், சரிப்பட்டு வராதது நாயன்று, நாங்களே என்பது விளங்கிற்று. எங்களைக் கண்டதும் அது பாய்ந்து வந்து கைகளை நக்கிற்று. அந்த வரவேற்பு எங்களை நாணச் செய்தது.

நாயினங்கள் பலவற்றின் இயல்பை வடித்தவன் மனிதனே. சைபீரியாவின் பனிவெளியில் சறுக்குவண்டி இழுப்பதற்கெனச் சுக்சி மக்கள் வளர்த்த இனம் ஹஸ்கி. அதன் அடர்ந்த ஈரடுக்கு முடி, நம் ஊர்க் கோடையில் அதற்குப் பெருஞ்சுமையாகிறது. 2003-ஆம் ஆண்டில் கைப்பேசி விளம்பரம் ஒன்றில் சிறுவனைப் பின்தொடர்ந்து வந்த பக் நாய், இந்தியா முழுவதும் உள்ளங்களைக் கவர்ந்தது. அழகென்று நாம் போற்றும் அதன் தட்டை முகமே, பல வேளைகளில் அதன் மூச்சிற்குத் தடையாக அமைகிறது. நம் தேவைக்கென்றும் கண்களின் இன்பத்திற்கென்றும் ஓர் உயிரின் உடலையே மாற்றி அமைத்த மனித குலம், அவ்வுயிரின் நலனுக்குப் பொறுப்பேற்க மறுப்பது நீதியாகுமா?

படைப்பின் மீது இறைவன் மனிதனுக்கு அளித்த ஆளுகை, உரிமையாளனின் ஆளுகையன்று, பொறுப்பாளனின் ஆளுகை. ஒவ்வோர் உயிருக்கும், நமக்குப் பயன்படுவதற்கு அப்பால், இறைவன் திருமுன் தனக்கென ஒரு மதிப்புண்டு என்பதை 2015-இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் தெளிவுறுத்தினார். அதே வேளையில், 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரு பக்கமும் நம்மை எச்சரிக்கிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்பிற்கு முரணானது. மனிதரின் துயர் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்கெனக் கொட்டுவதும் தகாதது. பல்லாயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டு இனத்தை வாங்கி, அண்டை வீட்டார் காண வாயிலில் கட்டி வைப்பவர் இவ்விரு தவறுகளையும் ஒருங்கே செய்ய நேரிடலாம்.

அப்படியெனில், நாய் வாங்கும் முன் நாம் நம்மையே கேட்க வேண்டியவை சில உண்டு. விடியற்காலையில் எழுந்து அதை நடத்திச் செல்பவர் யார்? பகலில் அதற்குத் துணை யார்? வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போடுவோமா? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கண் மங்கி, கால் தளர்ந்து, படுத்த இடத்திலேயே அது நனைத்துவிடும் நாளிலும் அதை நம் வீட்டு உயிராகவே காண்போமா? இவற்றிற்கு நேர்மையாக விடை கண்டபின், சிலருக்குத் தெருவோரம் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே போதுமானதாய்த் தோன்றலாம். வேறு சிலர், நாயே வேண்டாம் என்ற முடிவுக்கு வரலாம். அம்முடிவும் அன்பின் செயலே. பேண முடியாததை விரும்பாமல் விடுவதும் ஒருவகைத் துறவன்றோ!

தோபித்து நூலில் இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படும்போது, வானதூதரோடு ஒரு நாயும் உடன் செல்கிறது. அதன் இனமோ நிறமோ அங்கே சொல்லப்படவில்லை. அது புறப்படும்போதும் உடனிருந்தது, திரும்பும்போதும் உடனிருந்தது என்பதை மட்டுமே நாம் அறிகிறோம். நாய் என்றும் தன் பங்கைச் செய்துவிடுகிறது. பயணம் முடியும்வரை உடனிருப்போமா என்பது நம்மைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. அதற்கு "ஆம்" என்று சொல்ல இயன்றால், எந்த இனம் என்று அதன்பின் தேர்ந்துகொள்வோம்.