எக்ஸ் அச்சு இப்போது எங்கே இருக்கிறது?

பழைய மில்லிங் மெஷின்களைக் கம்ப்யூட்டரால் ஓட்ட, லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளை ஏற்றிக் கொடுப்பது கோவை கணபதியில் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் வகுப்பு. இரண்டு இடத்திலும் என்னை விடாத கேள்வி ஒன்றுதான்: ஒன்று தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

ஸ்டெப்பர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஸ்டெப் கணக்கில் ஒரு பல்ஸுக்கு 1.8 டிகிரி, 200 பல்ஸுக்கு ஒரு சுற்று. ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ. என்றால் டேபிள் 5 மி.மீ. நகர்ந்திருக்கும் என்பது கணக்கு. திரையில் எக்ஸ் 5.000 என்று மூன்று தசமத்தோடு காட்டும். எந்தச் சிக்னல் எங்கே போகிறது என்று எழுதிய ஹால் ஃபைலைத் திறந்தால்தான் கூத்து தெரியும். எத்தனை பல்ஸ் அனுப்பினோம் என்று, பல்ஸை உருவாக்கும் ஸ்டெப்ஜென் தானே எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கையையே ஒரே ஒரு 'நெட்' வரியால் அச்சின் ஃபீட்பேக்கில் கட்டியிருக்கிறோம். டேபிள் சிக்கி, மோட்டார் உறுமிக்கொண்டு நின்றாலும் திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். உத்தரவு போட்டதும் அதுவே, சாட்சி சொல்வதும் அதுவே.

13ஆம் நூற்றாண்டில் சித்தியாரை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார், அறியும் வழிகளான அளவைகளை எத்தனை வகையாகப் பிரித்தாலும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்றார். ஸ்டெப்பர் செய்வது கருதல்தானே என்றார் வகுப்பில் ஒருவர். எனக்கு ஒப்பவில்லை. புகையைக் கண்டவன் நெருப்பை ஊகிக்கலாம். இங்கே புகையையே யாரும் பார்க்கவில்லை.

காண்டலுக்கு, மோட்டார் உண்மையில் எவ்வளவு சுற்றியது என்று பார்க்கும் என்கோடர் வேண்டும். சொன்ன இடத்துக்கும் வந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஐஎன்ஐ ஃபைலில் எழுதிய எல்லையைத் தாண்டினால், ஃபாலோயிங் எரர் என்று சொல்லி மெஷின் நின்றுவிடும். பட்டறைக்காரர்களுக்கு எரிச்சல். எனக்கு அந்த நிற்றல் பிடிக்கும்.

உரைதான் சிக்கலான விஷயம். லினக்ஸ்சிஎன்சியின் வேர், 1990களில் அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி எழுதிப் பொதுவில் விட்ட இஎம்சி என்ற மென்பொருள். பிறகு எங்கெங்கோ இருப்பவர்கள் கைவைத்து, இன்று ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. உரை என்று ஆகமத்தை நாம் ஏற்பது, சொன்னவன் குற்றமற்றவன் என்பதால். இது நேர் எதிர்: எழுதியவர் எல்லோரும் தப்புச் செய்யக்கூடியவர்கள் என்று வைத்துக்கொண்டு, வரி வரியாகத் திறந்து போடப்பட்ட உரை. பாதுகாப்புக்கு மென்பொருளை மட்டும் நம்பிவிடாதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அதனால்தான் எமர்ஜென்சி பட்டனை கம்ப்யூட்டரின் தயவில் விடாமல், டிரைவுக்குப் போகும் கரண்டையே வெட்டும்படி கான்டாக்டரில் கட்டுகிறேன். 'என்னை நம்பாதே' என்கிற உரையை நம்புவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னதும் ஆசிரியர் சிரித்தார். "சரிங்க தம்பி, அந்த ஒரு வரிய மட்டும் எதை வெச்சு நம்புனீங்க?"

ஓட்டிப் பார்த்துத்தான் என்றேன். இன்ஸ்டால் செய்ததும் லேட்டன்சி டெஸ்ட் ஓட்டுவோம். கூடவே கியர் சுற்றும் படங்களைத் திரையில் ஓடவிட்டு, வீடியோ போட்டு, கம்ப்யூட்டரைப் படாதபாடு படுத்துவோம். மில்லிவிநாடிக்கு ஒருமுறை எழவேண்டிய வேலை எவ்வளவு தாமதமாக எழுகிறது என்பது கணக்கு. சராசரியை யாரும் பார்ப்பதில்லை. ஆக மோசமான எண் எதுவோ அதுதான் அந்தக் கம்ப்யூட்டரின் யோக்கியதை.

"அப்போ கடைசியில காண்டல்தான்," என்றார் அவர்.

அங்கேயும் முடியவில்லை. என்கோடர் பார்ப்பது மோட்டாரை. ஸ்க்ரூவின் தேய்மானம் அதற்குத் தெரியாது. டேபிளிலேயே அதன் நகர்வை அளக்கும் கிளாஸ் ஸ்கேல் போட்டால் டூல் வளைவது தெரியாது. ஆகவே ஜாப்பைக் கழற்றி மைக்ரோமீட்டரில் வைக்கிறோம். மைக்ரோமீட்டரை, துல்லிய அளவுக் கட்டையான ஸ்லிப் கேஜில் சரிபார்க்கிறோம். ஸ்லிப் கேஜ் சரியா என்றால், பீரோவிலிருந்து காலிபரேஷன் சர்டிபிகேட்டை எடுத்து நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டவர் யாரென்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது.